சோழியும் கிரகணமும்: நாய்கெபவுர் வாசிப்பின் மீது சில ஐயங்கள்

ஜான் வாரன் ‘காலசங்கலிதம்’ (சென்னை, 1825) நூலில் ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதிவைத்தார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டே 1825 மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டியவர் அவர். தொடக்கத்தில் 4 நிமிடமும், எதிர்த்திசையில் நடுவில் 23, முடிவில் 52 நிமிடமும் பிசகின. அவருக்கு நினைவாற்றல் உண்டு, சித்தாந்தம் தெரியாது என்றார் வாரன். அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபவுர் 1952இல் எழுதிய ‘தமிழ் வானியல்’ இந்தச் சாட்சியத்தின் மேல் எழுந்தது. பிசகின் அளவு அவருக்குப் பொருட்டல்ல. பாபிலோனியக் களிமண் பலகைகளில் தொடங்கி, ரோமப் பேரரசின் எகிப்து, வராகமிகிரர் என அறுபடாமல் வந்த மரபு 1825இலும் உயிரோடிருந்தது என்பதே அவர் கண்ட செய்தி.

எண்கள் கடன் வாங்கியவை என்பதை நான் மறுக்கவில்லை. சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுழற்சி 248 நாளில் 9 முறையும், 3031 நாளில் 110 முறையும் நிறைவுறும். இரண்டும் ரைலண்ட்ஸ் 27 என்ற கிரேக்கப் பாப்பிரஸில் உள்ளன, வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையிலும் உள்ளன. ‘அறுபடாமல்’ என்பதுதான் இடிக்கிறது.

தென்னாட்டு வானியல் கையேடான வாக்கியகரணத்தில் மூன்றாவது எண் ஒன்று வருகிறது: ‘ரஸகைரிக’. எழுத்தை எண்ணாகப் படிக்கும் கடபயாதி முறைப்படி ர 2, ஸ 7, கை 3, ரி 2, க 1. வலமிருந்து படித்தால் 12372. இத்தனை நாளில் 449 சுழற்சி. இது 3031இன் நான்கு மடங்கோடு 248ஐக் கூட்டிய தொகை. துல்லியத்துக்காகக் கூட்டியதாகத் தெரியவில்லை. அந்த வகையில் 3031தான் மேல். கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய பல லட்சம் நாள்களைச் சோழியால் வகுப்பவருக்கு ஏறக்குறைய 34 ஆண்டு நீளமுள்ள முதல் அடி வேண்டும். தேவையறிந்து யாரோ இதைக் கட்டியிருக்கிறார். பொருள் புரியாமல் ஒப்பித்து வந்த மரபில் இப்படியோர் எண் எப்படி முளைக்கும்?

பிசகும் பேசத்தான் செய்கிறது. வெள்ளி இடைநகர்வைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ, 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறையில் கணித்தபோது குறைவு 41 விநாடிதான். மாயரின் ஐரோப்பிய வாய்பாடோ 68 விநாடி மிகுந்தது. வாரன் கண்ட கணிப்பில் கால அளவு மட்டும் ஏறத்தாழ 56 நிமிடம் பிசகியது. ஒரே ஊர், அறுபதே ஆண்டு. கிரகணத்துக்குக் கிரகணம் பிழையின் அளவு மாறும் என்பது உண்மை. இரண்டு சான்றை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் அந்த ஒருவரை ஈராயிரம் ஆண்டு மரபின் பிரதிநிதியாக நிறுத்துவதற்கு இது தடை. கேரள வானியலாளர் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்து 1431இல் திருக்கணிதம் வகுத்ததும், அதற்கு முன்பே மாதவர், சந்திரனின் இடத்தைச் சொல்லும் சந்திர வாக்கியங்களை விநாடி வரை திருத்தியதும் தென்னாட்டில்தான். அந்த வாக்கியங்களை முதலில் அமைத்ததாகச் சொல்லப்படும் வரருசியின் காலத்தை 4ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகும் மரபை நான் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அது தீராத கணக்கு.

கடபயாதி எழுத்தை எண்ணாக்குவது நினைவில் நிறுத்த. பெயரின் எழுத்தைக் கூட்டி ஆயுளும் அதிர்ஷ்டமும் சொல்லும் இன்றைய எண் சோதிடத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் வாக்கியக் கணிதம் சோதிடத்துக்கே உழைத்தது. கிரகணம் பிசகினால் தெருவில் நிற்பவனுக்கும் தெரியும். ஆகவே சந்திரக் கணக்கைத் திருத்தினார்கள். சனி ராசி மாறும் நாளை வெறுங்கண்ணால் யாரும் சோதிப்பதில்லை. அதன் பலனைச் சோதிக்க வழியே இல்லை. பழைய கணக்கு அங்கே தங்கிவிட்டது என்பது என் ஊகம். திருக்கணிதப்படி சனி கும்பத்தில் நுழைந்தது 2023 ஜனவரி 17இல். வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20இல்.