கட்டுக்கயிற்றின் கதை



பாயை இறக்கிக் கரை சேர்ந்தபின் சிறு படகைக் காப்பது மாலுமியன்று, ஒரு கயிறு. நள்ளிரவிற் காற்றுத் திரும்பிக் கடல் கொந்தளிக்கும்போது படகுக்குரியவன் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான். கயிறு அறுந்தாற் படகு போயிற்று. பிழைப்பும் அதனோடு போயிற்று. ஆகவே, படகைக் கட்ட ஏற்ற கயிறு எது என்னும் கேள்வி கடலோடிகளுக்கு என்றும் உயிர்க்கேள்வியாகவே இருந்து வந்துள்ளது.

மிக வலிய கயிறே மிக நல்லது என்று சொல்லத் தோன்றும். வரலாறு கூறும் விடை வேறு.

மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா 1343ஆம் ஆண்டில் மாலைதீவை அடைந்தார். மறு ஆண்டு இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டவரும் இவரே. மாலைதீவு மக்கள் தேங்காய் மட்டைகளைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, அடித்துத் தும்பாக்கிக் கயிறு திரித்ததை அவர் எழுதிவைத்தார். அக்கயிறு இந்தியா, சீனம், யேமன் ஆகிய நாடுகளுக்குச் சென்றது. அதனாலே மரக்கலங்களைத் தைத்தனர். ஆணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும். தைத்த கலமோ நெகிழ்ந்து தப்பும் என்பது அவர் தரும் விளக்கம்.

தும்புக்கயிறு வலிமையிற் குறைந்ததே. எனினும் உப்புநீரில் எளிதில் உளுத்துப்போகாது, நீரில் மிதக்கும், இழுத்தால் நீண்டு மீளும். இந்த நெகிழ்ச்சியே அதன் பெருமை.

ஐரோப்பியர் சணற்கயிற்றுக்குத் தார் பூசி வந்தனர். 19ஆம் நூற்றாண்டில், பிலிப்பைன் தீவுகளில் விளையும் அபாக்கா என்னும் வாழையினத்து நாரால் ஆன மணிலாக்கயிறு பெரிதும் பரவியது. அது வலியது, ஆயினும் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உளுத்துவிடும்.

1935இல் அமெரிக்காவிற் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் நைலோனை ஆக்கினார். இரண்டாம் உலகப்போரில், இயந்திரமில்லா வானூர்திகளை இழுத்துச் செல்ல நைலோன் கயிறு பயன்பட்டது. வலிமையும் நெகிழ்ச்சியும் ஒன்றாய் அமைந்த கயிறு அது. 1941இல் இங்கிலாந்திற் பிறந்த பொலியெஸ்டர் வலியதாயினும் குறைவாகவே நீளும். ஆதலின் பாயை ஏற்றவும் இழுத்துப் பிடிக்கவும் அது சிறந்தது. படகைக் கட்டுவதற்கு நைலோனே ஏற்றது. பின்னர் வந்த சில இழைகள், எடைக்கு எடை உருக்கிலும் வலியவை. ஆனால் அவை மிகக் குறைவாகவே நெகிழும். அவற்றாற் கட்டினால், அலையின் அதிர்ச்சி முழுவதும் படகின் கட்டையிற் சென்று தாக்கும். கயிறு நிற்கக் கட்டை பிடுங்கப்படும்.

27 அடி நீளமுள்ள பாய்ப்படகுக்கு 3/8 அங்குலத் தடிப்புள்ள நைலோன் கயிறு போதும் என்பது வழக்கிலுள்ள கணக்கு. மிகத் தடித்த கயிறு நெகிழ்ச்சி காட்டாது. கயிறு உராயும் இடத்திற் தோலோ தடித்த துணியோ சுற்றவேண்டும்; ஏனெனிற் பல கயிறுகள் அறுவது இழுவையினால் அன்று, தேய்வினாலேயே.

தும்பு திரித்த தீவு மக்கள் அன்று கைப்பழக்கத்தால் அறிந்ததையே ஆய்வுகூடம் பின்னர் வேறு பொருளில் ஆக்கித் தந்தது. கட்டி வைக்கும் கயிற்றுக்கு வலிமை மட்டும் போதாது. சற்றே விட்டுக்கொடுக்கவும் அதற்குத் தெரிந்திருக்கவேண்டும்.