கம்பி நாற்காலியும் ஒரு விளிம்புத் தகராறும்

டைமண்ட் சேரைப் படத்திலாவது பார்த்திருப்பீங்க. இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமா வெல்டிங் பண்ணி, மீன்வலையை நாலு பக்கமும் இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கும். முக்கால்வாசி வெறும் காத்துதான்! 1952-ல் அமெரிக்காவின் நோல் கம்பெனி வெளியிட்டது. செய்தவர் ஹாரி பெர்ட்டோயா.

1915-ல் இத்தாலியில் பிறந்தவர். 1930-ல் டெட்ராய்ட் வந்தார். கிரான்புரூக் கலைப்பள்ளியில் உலோக வேலை சொல்லிக் கொடுத்தார். யுத்தத்தால் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வர, சின்னச் சின்ன நகைகள் செய்தார். அங்கே பழக்கமான சார்லஸ் ஈம்ஸ் கூப்பிட, 1943-ல் கலிஃபோர்னியா போனார். ஒட்டுப்பலகையை வளைத்து நாற்காலி செய்யும் சோதனைகளில் ஈம்ஸோடு சேர்ந்து உழைத்தார்.

1946-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அந்த நாற்காலிகளுக்குக் கண்காட்சி. தலைப்பில் இருந்தது சார்லஸ் ஈம்ஸ் பெயர் மட்டும். மனைவி ரே ஈம்ஸ் பெயர் கூட இல்லை. அந்த வருஷமே பெர்ட்டோயா விலகிட்டார்.

1950-ல் ஹான்ஸ் நோல், ஃப்ளோரன்ஸ் நோல் தம்பதி அவரைப் பென்சில்வேனியாவுக்கு அழைத்தார்கள். "நாற்காலிதான் வேணும்"னு நெருக்கவில்லை. பிடிச்சதைச் செய்ய விட்டார்கள். அதில் பிறந்ததுதான் டைமண்ட். வேடிக்கை என்னன்னா, இவ்வளவு நவீனமா இருக்கும் இதன் கம்பிகளை மெஷினை விடக் கையால் வளைப்பதுதான் சுலபமா இருந்ததாம். வளைத்த கம்பிகளை ஒரு அச்சில் பொருத்தி வெல்டிங் அடிப்பாங்க.

இங்கேதான் சிக்கல். ஈம்ஸின் கம்பி நாற்காலி ஹெர்மன் மில்லர் கம்பெனி வழியா 1951-லேயே வந்தாச்சு. வலையின் ஓரத்தை ரெண்டு கம்பிகளுக்கு நடுவில் பிடித்து முடிக்கும் முறைக்கு அவங்க காப்புரிமை வைத்திருந்தாங்க. டைமண்ட் சேரின் ஓரமும் அதே மாதிரி. தகராறில் நோல் தோத்தது. ஓரத்துக்கு ஒரே ஒரு தடித்த கம்பியைப் போட்டு வடிவத்தை மாற்ற வேண்டியதாச்சு.

நாம எழுதும் நிரலில் எந்த வரியை யார் எழுதினாங்கன்னு ஒரு கமாண்ட் அடிச்சாத் தெரிஞ்சிடும். பட்டறையில் அந்த வசதி ஏது? மூணு வருஷம் ஒண்ணா உழைத்த இடத்தில் எந்த யோசனை யாருடையதுன்னு காப்புரிமைக் காகிதம் சொல்லாது. அது சொல்வது யார் பெயரில் பதிவாச்சுங்கறதை மட்டும்தான். சட்டப்படி ஹெர்மன் மில்லர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனா கண்காட்சித் தலைப்பில் இடம் கிடைக்காத மனுஷன், பழைய கூட்டாளியின் காப்புரிமைக்காகத் தன் நாற்காலியையே மாத்த வேண்டி வந்தது எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

நல்லவேளை, கதை அதோடு முடியலை. நாற்காலி விற்ற காசு, சிற்பம் செய்ய அவருக்கு வழிவிட்டது. 1955-ல் திறந்த எம்.ஐ.டி. தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் மின்னும் உலோகத் திரை அவர் கைவேலை. பிறகு தொட்டால் ஒலி எழுப்பும் உலோகக் கம்பிச் சிற்பங்களாகவே செய்து குவித்தார். 1978-ல் காலமானார்.

தடித்த விளிம்போடு டைமண்ட் சேர் இன்னிக்கும் விற்பனையில் இருக்கு. இந்தத் தடவை பெர்ட்டோயா பெயரோட.

உங்க துறையிலும் இப்படிப் பெயர் விட்டுப்போன கதை இருந்தா சொல்லுங்க மக்களே!