லாப்ரடார் இயற்கைக் காப்பகம்

லாப்ரடார் இயற்கைக் காப்பகம் சிங்கப்பூரின் தென்கரையில், பாசிர் பாஞ்சாங் பகுதியில் உள்ளது. ஒருகாலத்தில் ஆங்கிலேயரின் பீரங்கிக் கோட்டையாக இருந்த குன்றும் அதன் அடிவாரக் கடற்கரையும் சேர்ந்த சுமார் 10 ஹெக்டேர் பரப்பு இது. சட்டப் பாதுகாப்பு பெற்ற சிங்கப்பூரின் நான்கு இயற்கைக் காப்பகங்களில் ஒன்று.

ராணுவ வரலாறு

குன்றின் எதிரே செந்தோசா தீவு. இரண்டுக்கும் இடையில் கெப்பல் துறைமுகத்தின் குறுகலான மேற்கு வாயில். இந்த வாயிலைக் காக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் இங்கே பாசிர் பாஞ்சாங் கோட்டையைக் கட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது 6 அங்குலப் பீரங்கிகள் இங்கு இருந்தன. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை தரைவழியே முன்னேறியபோது, கடலை நோக்கி நின்ற இப்பீரங்கிகள் நிலப்பக்கம் திருப்பப்பட்டன. ஆனால் கப்பல் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்ட குண்டுகள் காலாட்படைக்கு எதிராக அதிகம் உதவவில்லை. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. கோட்டையின் சுரங்க அறைகள் 2001இல் கண்டறியப்பட்டன.

இயற்கை வளம்

சிங்கப்பூர்ப் பெருந்தீவில் மக்கள் நேரில் காணக்கூடிய ஒரே கடலோரச் செங்குத்துப் பாறை இங்குதான் உள்ளது. கோட்டைச் சுவரை மரவேர்கள் பற்றிப் படர்ந்துள்ளன. குன்றுச் சரிவில் காடு மண்டியிருக்கிறது. கரையோரத்தில் சவுக்கும் நாட்டு வாதுமையும் நிற்கின்றன. கரும்பிடரி மாங்குயில் உட்பட 70க்கு மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன. கடல் வற்றும்போது கடற்புல் திட்டுகள் தென்படும். அருகிலுள்ள பெர்லேயர் ஓடையின் அலையாத்திக் காட்டுக்குள் 2012இல் மரப்பலகை நடைபாதை திறக்கப்பட்டது.

பாதுகாப்பு

1951இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், 1973இல் சாதாரண இயற்கைப் பூங்காவாகத் தரம் இறக்கப்பட்டது. இயற்கை ஆர்வலர்கள் விடாமல் குரல் கொடுத்துவந்தனர். 2002இல் காப்பகத் தகுதி மீண்டும் கிடைத்தது. கோட்டைக் காலத்தில் ஆள் நடமாட்டத்துக்குத் தடை விதித்த ராணுவம் தன்னை அறியாமலே காட்டுக்கு இடம் விட்டது. ஆனால் நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டே போகும் தீவில் அக்காடு நிலைக்கச் சட்டம் தேவைப்பட்டது.

ஒப்பீடு

தென்சென்னைப் புறநகரில், தாம்பரம்–வேளச்சேரி சாலையை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காட்டிலும் இதே பாடம் உண்டு. அங்கே கைவிடப்பட்ட கருங்கல் குவாரியின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டு வாழ்கிறது; சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. பீரங்கி மேடோ கல்குவாரியோ, மனிதர் பயன்படுத்திக் கைவிட்ட நிலம் வீண் நிலம் அல்ல. சில பத்தாண்டுகள் தொந்தரவின்றி விட்டால் உயிர்கள் தாமே திரும்பிவரும். அவற்றைத் தக்கவைக்க அந்நிலத்துக்கு உறுதியான எல்லையும், எளிதில் தளர்த்த முடியாத சட்டமும், தட்டிக் கேட்கும் மக்களும் வேண்டும்.