டிக் பார்ட்டன்: ஸ்பெஷல் ஏஜென்ட்

1948இல் வெளியான பிரிட்டிஷ் துப்பறியும் சாகசப் படம். ஹேமர் நிறுவனத் தயாரிப்பு. இயக்கம் ஆல்ஃபிரட் கோல்டிங். பிபிசி வானொலித் தொடர் ஒன்றின் திரைவடிவம்.

அத்தொடர் 1946 அக்டோபர் 7 அன்று பிபிசியின் லைட் ப்ரோகிராமில் தொடங்கியது. வாரநாள்களில் மாலை 6.45க்குக் கால்மணி நேரம் ஒலிபரப்பானது. போர் முடிந்து ஊர் திரும்பிய கமாண்டோ கேப்டன் பார்ட்டனும் தோழர்கள் ஸ்நோயியும் ஜாக்கும் ஒவ்வொரு மாலையும் ஏதேனும் ஓர் ஆபத்தில் மாட்டிக்கொள்வார்கள். தப்பினார்களா என்பது மறுநாள்தான் தெரியும். எட்வர்ட் மேசனும் ஜெஃப்ரி வெப்பும் எழுதினர். உச்சகட்டத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டதாகக் கூறப்படுகிறது. சார்ல்ஸ் வில்லியம்ஸின் ‘டெவில்ஸ் கேலப்’ முகப்பிசையாக அமைந்தது. துரத்தலுக்கென்றே பிறந்த இசை அது. சிறுவர் கேட்பதால் நாயகன் குடிக்கலாகாது, கெட்ட வார்த்தை பேசலாகாது என்று எழுத்தாளர்களுக்கு பிபிசி விதிகள் வகுத்தது. காதலி ஜீன் ஹன்டரும் கதையிலிருந்து காணாமற்போனாள். முதலில் நோயல் ஜான்சன் குரல் கொடுத்தார். பின்னர் அப்பொறுப்பை ஏற்ற டங்கன் கார்ஸ், அன்டார்க்டிகா சென்று வந்த ஆய்வுப்பயணி. கற்பனை நாயகனுக்கு நிஜ சாகசக்காரரே குரலானார். 1951 மார்ச் 30 அன்று, 711 பகுதிகளோடு தொடர் முடிந்தது. அந்த மாலை நேரம் அதே எழுத்தாளர்களின் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்னும் கிராமத்துத் தொடருக்குப் போயிற்று. மூல ஒலிப்பதிவுகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

திரையில் பார்ட்டனாக டான் ஸ்டானார்ட் நடித்தார். காலராக் கிருமிகளால் பிரிட்டனைத் தாக்க முயலும் நாஜிகளைப் பார்ட்டன் முறியடிப்பதே கதை. லாரல்-ஹார்டியை இயக்கிய கோல்டிங்கின் கைவண்ணம் தோழர்களின் கோமாளித்தனத்தில் தெரிகிறது. சில இடங்களில் சிரிப்பு வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டதா, தானாக வந்ததா என்று சொல்வது கடினம்.

தொடர்ந்து காட்ஃப்ரி கிரேசன் இயக்கத்தில் இரு படங்கள் வந்தன. 1949இல் வெளியான ‘டிக் பார்ட்டன் ஸ்ட்ரைக்ஸ் பேக்’, பிளாக்பூல் கோபுரத்தின் இரும்புச் சட்டங்களில் ஏறி முடிகிறது. மூன்றிலும் சிறந்தது இதுவே எனலாம். 1950இல் வெளியான ‘டிக் பார்ட்டன் அட் பே’ இதற்கு முன்பே எடுக்கப்பட்டது என்பது பொதுவான கருத்து. 1949 ஜூலையில் ஸ்டானார்ட் கார் விபத்தில் இறந்தார். ஆப்பிரிக்காவைக் களமாகக் கொண்ட நான்காவது படம் கைவிடப்பட்டது.

வானொலிப் பகுதிகள் 1972இல் புதிதாக ஒலிபரப்பாயின. 1979இல் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது.