பசித்த நுண்ணுயிரின் கத்தி

பழைய நூல்களை நேசிப்பவர்களுக்கு அவற்றின் ஆட்டுத்தோல் அட்டையைத் தடவிப் பார்ப்பதே ஓர் இன்பம். அந்த மென்மை எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தால் சற்றே முகம் சுளிக்க நேரும். இலண்டன் ஏழைகளின் வாழ்வைப் பதிவு செய்த ஹென்றி மேஹ்யூவின் 1851ஆம் ஆண்டு நூலில், தெருக்களில் நாய்மலம் பொறுக்கித் தோல் பதனிடுவோரிடம் விற்றுப் பிழைத்தவர்களைக் காண்கிறோம். வாளி ஒன்றுக்கு 8 முதல் 10 பென்ஸ் வரை கிடைத்ததாம். அந்தச் சரக்குக்குச் சந்தையில் வழங்கிய பெயர் ‘பியூர்’, அதாவது தூய்மை! மங்கல வழக்கு நம் மொழிக்கு மட்டும் உரியதன்று போலும்.

சுண்ணாம்பில் ஊறி விறைத்த தோல், நாய்மலக் கரைசலில் கிடந்தால் இளகிவிடும். காரணம் அறியாமலே தலைமுறைகள் இதைச் செய்துவந்தன. மலத்தில் பெருகும் பாக்டீரியாக்களுக்கும் அவை சுரக்கும் நொதிகளுக்கும் இதில் பங்குண்டு என்பதை நாட்டிங்காமைச் சேர்ந்த ஜோசப் டர்னி வுட் ஆராய்ந்து கூறினார். 1907இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோமும் ஓட்டோ ஹாஸும் தொடங்கிய நிறுவனம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைக் கொண்டு மாற்றுச் சரக்கை விற்கத் தொடங்கியது. நாய்மலத்தின் காலம் மெல்ல முடிந்தது.

பாக்டீரியாவின் நொதி மீண்டும் தலைகாட்டியது கோபன்ஹேகனில். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லின்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் ஒட்டேசனும் முட்டை வெண்கருப் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஊசி வடிவில் வரவேண்டிய படிகங்கள் தட்டைத் தட்டையாக வந்தன. கரைசலில் புகுந்துவிட்ட பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவின் நொதி, புரதத்தின் ஒரு சிறு துண்டை நறுக்கிவிட்டிருந்தது. 1947இல் இதை அவர்கள் வெளியிட்டனர். அந்த நொதியே பின்னர் ‘சப்டிலிசின்’ எனப் பெயர் பெற்றது.

பாக்டீரியாவுக்கு இக்கத்தி எதற்கு? பெரும் புரத மூலக்கூறு அதன் உடலுக்குள் நுழையாது. ஆகவே நொதியை வெளியே அனுப்பி, அங்கேயே அறுத்துச் சிறு துண்டுகளாக்கி உறிஞ்சுகிறது. இது செலவு மிகுந்த வேலை. அறுத்த துண்டுகளை அண்டை வீட்டாரும் அள்ளிக்கொள்ளக்கூடும். ஆதலால் குளுக்கோசும் அமினோ அமிலங்களும் தாராளமாய்க் கிடைக்கும்வரை அது இந்நொதியை மிகக் குறைவாகவே ஆக்குகிறது. உணவு குறைந்து வளர்ச்சி தளரும் வேளையில்தான் சுரப்பு பெருகுகிறது. அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கையில் ‘கோட்-ஒய்’ என்னும் புரதம் இதுபோன்ற மரபணுக்களின் மேல் அமர்ந்து அவற்றை அடக்குகிறது. பஞ்சம் வந்தால் பிடியைத் தளர்த்துகிறது. நொதி ஆலைகள் இந்த இயல்பைத்தான் பயன்படுத்திக்கொண்டன. உணவை ஒரே நேரத்தில் கொட்டாமல் சிறிது சிறிதாக ஊற்றி, பாக்டீரியாவை அரைப்பட்டினியில் வைக்கும் முறை அங்கே வழக்கமாயிற்று.

அவ்வாறு திரட்டிய நொதி 1960களில் ஐரோப்பியச் சலவைத்தூள்களில் சேர்ந்தது. இரத்தக் கறையும் முட்டைக் கறையும் புரதங்களே அல்லவா? விற்பனை பெருகியது. ஆனால் அந்த நுண்தூளைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு மூச்சு இரைத்தது. சப்டிலிஸ் நொதியால் ஒவ்வாமை உண்டாகி ஆஸ்துமா வருவதை 1969இல் ‘லான்செட்’ இதழில் பிரித்தானிய மருத்துவர் பிளின்ட் எழுதினார். வெள்ளாடையின் வெண்மைக்கு யாருடைய மூச்சு விலையாயிற்று என்பதை அதுவரை வாங்குவோர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மேஹ்யூ உயிருடன் இருந்திருந்தால் அந்த ஆலை வாசலிலும் நின்று பேச்சுக் கொடுத்திருப்பார் என்றே நாம் நினைக்கிறோம்.

அதன் பிறகுதான் தூசு பறக்காதபடி நொதியைப் பூச்சுக்குள் அடைத்த குருணைகள் வந்தன.