மதுவிலக்குக் காலத்து நைட் கிளப்

ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்குக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. ஏற்காடும் அதில் அடக்கம். 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டது. அப்படியானால் சென்னையில் நைட் கிளப் எப்படி நடந்தது என்று பேரன் கேட்கிறான். பாட்டை நம்பி நடந்தது.

மவுண்ட் ரோட்டில் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்ட் என மூன்று தியேட்டர்கள் ஒரே வளாகத்தில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ‘நைன் ஜெம்ஸ்’ அங்கேதான் இருந்தது. 1969இல் உஷா ஐயர் என்ற இளம்பெண் அங்கே பாட வந்தார். பிற்காலத்து உஷா உதுப். கிளப் பாடகி என்றால் நம் சினிமா காட்டிய உடையே வேறு. இவரோ புடவை கட்டிக்கொண்டு, கனத்த குரலில் இங்கிலீஷ் பாட்டுப் பாடினார். அங்கிருந்து கல்கத்தாவின் டிரின்காஸுக்குப் போனார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஜூலை 14 என்றால் எங்களுக்கு நடனமும் ஒயினும் சேர்ந்தே வரும். உத்தியோகத்துக்காக இந்த மலைக்கு வந்தபின், எஸ்டேட் நண்பர் ஒருவர் வெறும் காபியோடு உட்கார்ந்து நைன் ஜெம்ஸில் பாட்டுக் கேட்டதைச் சொன்னார். நான் நம்பவில்லை. “பர்மிட் இருந்தவனுக்கும் அன்றைக்குக் குடிக்கத் தோன்றாது சார்” என்றார்.

1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது. அதன்பின் வந்த பார்களில் பாடுகிறவரைத் திரும்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சஃபையர் கட்டடம் இன்று இல்லை. உஷா உதுப் 2024இல் பத்மபூஷண் பெற்றார், புடவையில்தான்.