யானையின் உணவுப் பழக்கம்

வளர்ந்த ஆசிய யானை நாளொன்றுக்கு 150 கிலோ வரை பசுந்தீவனம் தின்னும்; 100 லிட்டருக்கு மேல் நீர் குடிக்கும். நாளில் பதினாறு மணி நேரம் வரை மேய்ச்சலிலேயே கழியும். இந்தப் பெரும்பசிக்கு உடல் பருமன் மட்டும் காரணமன்று. தின்றதில் பாதிகூட அதற்குச் செரிப்பதில்லை.

மானும் காட்டுமாடும் மேய்ந்ததை நான்கு அறைகள் கொண்ட இரைப்பையில் நிரப்பிக்கொண்டு, நிழலில் படுத்து அசைபோடும். யானைக்கு ஒற்றை இரைப்பை, அசைபோடுவதில்லை. குதிரையைப் போலவே, நாரைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் அதன் பெருங்குடல் பகுதியில்தான் உள்ளன. குட்டிகள் தாயின் லத்தியைத் தின்பது இந்த நுண்ணுயிரிகளைப் பெறத்தான். லத்தியை உடைத்துப் பார்த்தால் மூங்கில் நாரும் முழு விதைகளும் கிடக்கும்.

யானை விழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமல் உள்ளீடற்று வெளிவரும் என்பது தமிழ்நாட்டில் பழைய பேச்சு. ‘வேழம் உண்ட விளாங்கனி’ என்ற அந்தப் பேச்சில் வரும் ‘வேழம்’ யானையன்று, விளாங்கனியைப் பற்றும் நோயே என்று உரை சொன்னவர்களும் உண்டு. அதுவே பொருத்தம்; உடையாத ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுக்க எந்தக் குடலாலும் முடியாது.

சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் 1980களின் தொடக்கத்தில் ஆய்வு செய்த ஆர். சுகுமார், யானைகள் 112 வகைத் தாவரங்களைத் தின்பதைப் பதிவு செய்தார். ஆனால் உணவில் பெரும்பகுதி 25 வகைகளிலிருந்தே வந்தது. மழைக்குப்பின் முளைக்கும் இளம்புல்லில் புரதம் மிகுதி. அப்போது புல்லே முதன்மை. கோடையில் புல் முற்றிக் காய்ந்ததும் தழை, மூங்கில், மரப்பட்டை என்று திரும்பும். விளைந்த ராகிக்காகக் கொல்லைக்குள் இறங்குவதில் ஆண் யானைகளே முந்தும். காட்டுப் புல்லைவிட ராகியில் சத்து அதிகம்.

தின்னும் முறையில் பக்குவம் உண்டு. புல்லைத் துதிக்கையால் சுற்றி, முன்கால் நகத்தால் எத்திப் பறிக்கும். வேரில் ஒட்டிய மண் உதிர முன்காலில் இரண்டு தட்டு தட்டிய பிறகே வாயில் வைக்கும். மண் பல்லைத் தேய்க்கும்.

பல்தான் யானையின் ஆயுள் கணக்கு. கடைவாய்ப்பற்கள் வாழ்நாளில் ஆறு தொகுதிகளாக, ஒன்று தேய ஒன்று பின்னிருந்து நகர்ந்து வரும். ஆறாவது தொகுதியும் தேய்ந்தபின், ஏறக்குறைய அறுபது வயதில், மெல்ல முடியாமல் கிழட்டு யானை மெலிந்து சாகும்.